மடக்குக்கத்தியும் ஒரு குவளைத் தேநீரும்

மாணவர்களே, வீட்டில் வாழைக்காயோ வாழைப்பூவோ நறுக்கும் நாளில் கத்தியைக் கவனித்திருக்கிறீர்களா? துருப்பிடிக்காத எஃகுக் கத்தியாக இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பாட்டி காலத்து இரும்பு அரிவாள்மனையாக இருந்தால், சற்று நேரத்தில் அதன் அலகு நீலம் கலந்த கறுப்பாக மாறிவிடும். கழுவினாலும் முழுதாகப் போகாது. அதை அழுக்கு என்று நினைத்துச் சாம்பல் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. உண்மையில் அங்கே ஒரு வேதிவினை நடந்திருக்கிறது. அதே வினையை நாமே திட்டமிட்டு நடத்தி, விலை குறைந்த மரப்பிடி மடக்குக்கத்தி ஒன்றை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தொடங்குமுன் இரண்டு செய்திகள். முதலாவது, இந்த வேலையை வீட்டில் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இரண்டாவது, செய்து முடித்த கத்தி வீட்டிலேயே இருக்க வேண்டும். நண்பர்களிடம் காட்ட வேண்டும் என்று பள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு வராதீர்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாரணர் முகாமுக்குத் தேவை என்றால், பொறுப்பாசிரியரே அதை வாங்கி வைத்துக்கொண்டு, வேலை நேரத்தில் தருவார். கத்தி கிடைக்காதவர்கள் வருந்த வேண்டாம். கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை ஓர் இரும்பு ஆணியையும் சில ஐஸ்கிரீம் குச்சிகளையும் வைத்தே செய்து பார்க்கலாம்.

ஐந்தே பாகங்கள்

மரப்பிடி மடக்குக்கத்தி என்றதும் உலகில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒப்பினெல். பிரான்ஸ் நாட்டின் சவோய் மலைப்பகுதியில், கருவிகள் செய்யும் கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் 1890இல் இதை உருவாக்கினார். குடியானவர் பையில் வைத்து எடுத்துச் செல்லும் எளிய கத்தி அது. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் வரத் தொடங்கியது. இன்று அதிகம் விற்பது 8ஆம் எண். அதன் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம்.

இதில் இருப்பவை ஐந்தே பாகங்கள்: அலகு, மரக்கைப்பிடி, அலகு சுழலும் அச்சாணி, கைப்பிடியின் கழுத்தில் பொருத்திய உலோகப் பட்டை, அந்தப் பட்டையின்மேல் சுழலும் பூட்டு வளையம். பூட்டு வளையம் ஆரம்பத்தில் கிடையாது. மார்செல் ஒப்பினெல் 1955இல் அதைச் சேர்த்தார். வளையத்தில் ஓரிடத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு கைப்பிடியின் பள்ளத்துக்கு நேராக இருந்தால் அலகு மடங்கும். வளையத்தைத் திருப்பிவிட்டால் பள்ளத்தின் வாய் அடைபட்டு, அலகு மடங்க வழியில்லாமல் போகும். அலகை விரித்தவுடன் வளையத்தைத் திருப்புவது உங்களுக்கு அனிச்சையாக வரும்வரை, இந்தக் கத்தியால் எதையும் வெட்டாதீர்கள். கத்தியின் நுனியைக் கெட்டியான எதிலாவது குத்தி அழுத்தினால், அந்த விசை அச்சாணியைச் சுற்றி ஒரு திருப்புவிசையாக மாறும். வளையம் பூட்டியிருக்காவிட்டால் அலகு உங்கள் விரல்மேல்தான் மடங்கும்.

கடையில் இரண்டு வகை இருக்கும். அலகில் 'இனாக்ஸ்' என்று பொறித்திருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. 'கார்போன்' என்று பொறித்திருந்தால் கரிம எஃகு. துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியோடு, அதாவது ஆக்சிஜனோடு, சேர்ந்து மிக மெல்லிய ஒரு படலமாகி இரும்பை மூடிக்கொள்கிறது. பாதுகாப்பு நல்லதுதான். ஆனால் அந்தப் படலம் இருக்கும்வரை நம் தேநீர் அங்கே எதுவும் செய்யாது. அதனால் இந்தப் பாடத்துக்கு ஏற்றது கரிம எஃகுதான். ஒப்பினெல்தான் வேண்டும் என்பதில்லை. மரப்பிடியும் கரிம எஃகு அலகும் கொண்ட எந்தக் கத்திக்கும் இதே அறிவியல் பொருந்தும்.

அலகைக் கறுப்பாக்குதல்

வாழைக்காயிலும் தேயிலையிலும் பொதுவாக இருக்கும் ஒரு பொருள் டானின். நாக்கில் பட்டால் துவர்க்கும். சீனி போடாத கடுந்தேநீரைக் குடித்தபின் வாய் வறண்டதுபோல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு கண்ணாடிக் குவளையில் அரைவாசி அளவு கொதிநீர் ஊற்றி, நான்கைந்து தேயிலைப் பைகளைப் போட்டு ஆறவிடுங்கள். கடையில் 'தே ஓ கோசோங்' கேட்டால் வருவதைவிட இது பல மடங்கு கடுமையாக இருக்க வேண்டும். ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேருங்கள். அலகைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவித் துடைத்து, மருந்தகத்தில் விற்கும் ஆல்கஹால் பஞ்சால் ஒருமுறை துடையுங்கள். விரலில் உள்ள எண்ணெய் பட்டாலே அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். பிறகு கத்தியை விரித்து, வளையத்தைப் பூட்டி, அலகு மட்டும் நனையும்படி குவளைக்குள் சாய்த்து வையுங்கள். அச்சாணி வரை நீர் ஏறக் கூடாது.

இப்போது குவளைக்குள் என்ன நடக்கிறது? வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் அலகின் மேற்பரப்பிலிருந்து சிறிதளவு இரும்பைக் கரைக்கிறது. அலகின்மேல் ஒட்டியிருக்கும் பொடிக் குமிழிகளைப் பாருங்கள். அது ஹைட்ரஜன். அமிலத்தோடு உலோகம் வினைபுரிந்தால் உப்பும் ஹைட்ரஜனும் உண்டாகும் என்று படித்தீர்களே, அதேதான். கரைந்த இரும்பு, இரண்டு நேர் மின்னூட்டம் கொண்ட அயனியாக நீரில் இருக்கிறது. டானின் அதைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் இந்த நிலையில் நிறம் அவ்வளவாக இருக்காது. காற்றிலுள்ள உயிர்வளி பட்டு, இரும்பு அயனி இன்னோர் எலெக்ட்ரானை இழந்து மூன்று மின்னூட்டத்துக்கு மாறும்போதுதான் அந்த நீலக் கறுப்பு தோன்றுகிறது.

இது தெரிந்தால் வேலை எளிதாகிவிடும். அலகை ஒரேயடியாக மூன்று மணி நேரம் மூழ்கடித்து வைப்பதைவிட, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சில நிமிடம் காற்றில் காட்டி, மீண்டும் இறக்குவது நல்லது. ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நல்ல மாற்றம் தெரியும். நிறம் போதும் என்று தோன்றியதும் அலகைக் கழுவி, ஒரு சிட்டிகை சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, மிச்சமிருக்கும் அமிலத்தை நடுநிலையாக்குங்கள். பின் உலரத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் பூசுங்கள்.

இந்த வினை மனிதர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பழக்கமானது. ஐரோப்பாவில் ஓக் மரத்தின் கழலைகளிலிருந்து எடுத்த டானினையும் இரும்பு உப்பையும் கலந்து எழுதுமை செய்தார்கள். எழுதும்போது வெளிறியிருந்து, தாள் உலர உலரக் கறுக்கும் மை அது. இந்தியாவின் கலம்காரித் துணிகளில் வரும் கறுப்புக் கோடுகளும் இதே கதைதான். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் முதலில் ஊறவைப்பார்கள், அது டானின். துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் பல நாள் ஊறப்போட்டு எடுத்த கரைசலால் கோடு வரைவார்கள்; அது இரும்பு. இரண்டும் துணியில் சந்திக்கும் இடத்தில் கறுப்பு பிறக்கிறது. படிவம் 4 வேதியியல் நூலில் இந்த எடுத்துக்காட்டைச் சேர்த்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கறுப்புப் படலம் துருவைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. செந்துரு நுண்துளைகள் நிறைந்தது. உதிர்ந்து விழுந்து, அடியில் உள்ள புதிய இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடும். கறுப்புப் படலம் அப்படி உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். எலுமிச்சை நறுக்கிவிட்டு அப்படியே போட்டால் கறுத்த அலகும் துருப்பிடிக்கும்.

அதே தேநீர், இப்போது மரத்துக்கு

கைப்பிடி பெரும்பாலும் பீச் மரம். வெளிர் நிறம், நெருக்கமான இழை. அதன்மேல் தொழிற்சாலையில் பூசிய வார்னிஷ் இருக்கும். அது இருக்கும்வரை நீரோ எண்ணெயோ உள்ளே போகாது. அதனால் முதல் வேலை, மணல்தாள்.

அலகை மடக்கி, வளையத்தைத் திருப்பிப் பூட்டி, பள்ளத்தின் வாயை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். அலகு தற்செயலாகத் திறக்காது. மரத்தூளும் உள்ளே போகாது. மணல்தாளின் எண் பெரிதாகப் பெரிதாகத் துகள் சிறிதாகும். 120இல் தொடங்கி, 240, 400 என்று போங்கள். மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் இழைகள் அறுபட்டுக் கீறல் விழும். அது இப்போது கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏறியவுடன் ஒவ்வொரு கீறலும் கறுப்புக் கோடாகப் பல்லிளிக்கும். கைப்பிடியின் வடிவத்தை மாற்ற விரும்பினால், பின்முனையைச் சற்று ஒடுக்கலாம், பக்கங்களை உள்ளங்கைக்கு ஏற்பத் தட்டையாக்கலாம். உலோகப் பட்டையை ஒட்டிய கழுத்துப் பகுதியை மட்டும் தொடாதீர்கள். வெட்டும்போது வரும் விசை முழுவதும் அந்த மெல்லிய மரத்தின் வழியாகத்தான் உங்கள் கைக்கு வருகிறது.

400ஐ முடித்தபின் ஈரத்துணியால் கைப்பிடியை ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். வழவழப்பாக இருந்த மரம் மறுபடியும் சொரசொரப்பாகியிருக்கும். மணல்தாள் அமுக்கி வைத்திருந்த இழை நுனிகள் நீரை உறிஞ்சி நிமிர்ந்துவிட்டன. மீண்டும் 400ஆல் மெல்லத் தேய்த்து எடுத்தால், பிறகு சாயம் பூசும்போது அவ்வளவாக எழாது.

கைப்பிடியைக் கறுப்பாக்க வேண்டுமா? இரும்புக் கரைசல் ஒன்று தேவை. எண்ணெய்ப் பூச்சைச் சவர்க்காரத்தால் கழுவிய சாதாரண இரும்புக் கம்பளியை, அதாவது மரவேலைக்கு விற்கும் மெல்லிய எஃகு நாரை, வினிகரில் போட்டு ஒன்றிரண்டு நாள் வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான கம்பி உருண்டை உதவாது. அது துருப்பிடிக்காத வகை. புட்டியின் மூடியை இறுக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் உண்டாகிக்கொண்டே இருக்கும். அருகில் அடுப்பும் வேண்டாம்.

ஓக் மரத்தில் டானின் நிறைய இருப்பதால், இந்தக் கரைசலைப் பூசினாலே கறுத்துவிடும். பீச் மரத்தில் அது குறைவு. ஆகவே கடுந்தேநீரை முதலில் இரண்டு முறை பூசி, உலரவிட்டு, அதன்மேல் இரும்புக் கரைசலைத் தூரிகையால் மெல்லியதாகப் பூச வேண்டும். கலம்காரித் துணிக்குக் கடுக்காய், நம் கைப்பிடிக்குத் தேநீர். பூசிய சில நிமிடங்களில் மரம் சாம்பல் நிறமாகி, பிறகு கறுக்கும். பெயிண்ட் போல மேலே ஒட்டிக்கொள்ளும் நிறம் அல்ல இது. இழைக்குள்ளேயே உண்டாவதால் மரத்தின் கோலம் மறையாமல் தெரியும். கடைச் சாயத்தைவிட இதை நான் விரும்புவதற்கு அதுதான் காரணம்.

சூடான கம்பியால் மரத்தில் கோலம் சுடுவதும் அழகுதான். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் பற்றவைப்புக் கோலைக் கையாண்டவர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் சூடு அலகின்மேல் படக் கூடாது. கத்தியின் எஃகு கடினப்படுத்தப்பட்டது. ஏறக்குறைய 200 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் அந்தக் கடினம் குறையத் தொடங்கும். அலகு முதலில் வெளிர் மஞ்சளாகவும், 300 பாகையை நெருங்கும்போது நீலமாகவும் நிறம் மாறிக் காட்டும். நீலமான விளிம்பு சீக்கிரமே மழுங்கும். மின்சாணையில் வைத்துத் தீட்டிக் கத்தியைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுக்கிறார்கள்.

அலகு ஏன் சிக்கிக்கொள்கிறது?

இந்த வகைக் கத்தியை வாங்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. கடையில் இலகுவாகத் திறந்த கத்தி, வீட்டில் மழைக்காலத்தில் திறக்கவே மாட்டேன் என்கிறது. நகம் உடையும்வரை இழுத்தாலும் வராது. இழுத்த வேகத்தில் சட்டென்று திறந்து கையைக் கிழிப்பதும் உண்டு. இது தயாரிப்புக் குறையா? இல்லை, மரத்தின் இயல்பு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தோடு எப்போதும் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால், மரத்துக்குள் தங்கும் நீர் அதன் உலர்ந்த எடையில் சுமார் 9 விழுக்காடு. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடானால், அது சுமார் 16 விழுக்காடாக உயரும். குளிர்சாதனக் கடையிலிருந்து நம் வீட்டு அறைக்கு வரும் கத்திக்கு நேர்வது ஏறக்குறைய இந்த மாற்றம்தான்.

நீர் சேர்ந்தால் மரம் வீங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரேபோல் வீங்காது. முழுக்க உலர்ந்த நிலையிலிருந்து முழு ஈர நிலைக்கு, அதாவது சுமார் 30 விழுக்காடு நீருக்கு, வரும்போது பீச் மரம் வளர்வளையங்களை ஒட்டிய திசையில் ஏறக்குறைய 12 விழுக்காடு மாறுகிறது. வளையங்களுக்குக் குறுக்கே, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் பாதி. நீளவாக்கில் அரை விழுக்காடுகூட இல்லை. நீர் மூலக்கூறுகள் இழைச் சுவர்களுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன, இழையை நீட்டுவதில்லை.

நமக்கு நேரும் மாற்றம் 7 விழுக்காட்டு நீர். 30க்கு 12 என்றால் 7க்கு 2.8 விழுக்காடு வீக்கம். அலகின் இரு பக்கமும் உள்ள மரத்தின் தடிப்பு தலா 7 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.2 மில்லிமீட்டர் வீங்கும். இரண்டும் சேர்ந்து 0.4. சாதாரணத் தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நான்கு தாளின் தடிப்புதானே என்று நினைக்கலாம். ஆனால் அந்தக் கழுத்தைச் சுற்றி உலோகப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. உலோகம் ஈரத்தால் வீங்காது. வெளியே போக வழியில்லாத மரம் உள்நோக்கி வீங்கி, நடுவில் இருக்கும் அலகைக் கவ்வுகிறது.

சவோய் மக்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். கைப்பிடியின் பின்முனையைக் கெட்டியான பரப்பில் தட்டி அலகை வெளியே வரவைக்கும் உத்திக்கு அவர்கள் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். தட்டியவுடன் கைப்பிடி நின்றுவிடும். அலகு நிலைமத்தால் தொடர்ந்து நகரப் பார்க்கும்; அதன் நுனி சற்று வெளியே தலைகாட்டும். நியூட்டனின் முதல் விதிக்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடைப்பது அரிது. ஆனால் செய்து காட்டும் வேலையைப் பெரியவரிடம் விட்டுவிடுங்கள்.

சிக்குகிறது என்று பள்ளத்தின் உட்பக்கத்தை உடனே சுரண்டிவிடாதீர்கள். மழைக்காலத்தில் சுரண்டினால், குளிர்சாதன அறையில் மரம் சுருங்கும்போது அலகு தளர்ந்து ஆடும். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்து, அதன்பிறகும் சிக்கினால் மட்டும், மணல்தாளை மடித்து உள்ளே விட்டு நாலைந்து முறை இழுத்துச் சோதியுங்கள்.

எந்த எண்ணெய்?

மரம் ஈரத்தை உறிஞ்சும் வேகத்தைக் குறைக்க எண்ணெய் பூசலாம். வேகத்தைக் குறைக்கலாம் என்றுதான் சொல்கிறேன். எண்ணெய் பூசினால் நீர் புகவே புகாது என்று சிலர் எழுதுவது சரியல்ல. ஒரு நாள் மழை ஈரத்தை அது தாங்கும். மூன்று மாத ஈரம் எப்படியும் மெல்ல உள்ளே போய்விடும்.

சமையலறையில் இருக்கும் பனை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதாதா என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். போதாது. காரணம், மூலக்கூறின் அமைப்பு. ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கும் மேல், மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம். அந்த இரட்டைப் பிணைப்புகளின் அருகே உயிர்வளி தாக்கி, ஒரு மூலக்கூறை அடுத்ததோடு கோத்துவிடுகிறது. கோத்துக் கோத்து வலைபோல் ஆகி, திரவம் கெட்டிப்படுகிறது. நாம் அதைக் காய்வது என்கிறோம். துணி காய்வதுபோல் நீர் ஆவியாவது அல்ல அது. எண்ணெய் உயிர்வளியை உள்வாங்கி வேறு பொருளாக மாறுகிறது. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. கொழுப்பின் இரட்டைப் பிணைப்பை அளக்கும் அயோடின் எண் தேங்காய் எண்ணெய்க்கு 10ஐ ஒட்டியும், பனை எண்ணெய்க்கு 50ஐ ஒட்டியும், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேலும் இருக்கும். முதல் இரண்டும் மரத்தில் காயாமல் கிடந்து, பிசுபிசுத்து, நாளாவட்டத்தில் சிக்குவாடை அடிக்கும்.

கடையில் 'காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்' என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். பழம் நறுக்கும் கத்திக்கு அது வேண்டாம். எதுவும் சேர்க்காத எண்ணெய் மெதுவாகக் காயும், ஆனால் நம் வேலைக்கு ஏற்றது. சில சொட்டு எடுத்துத் துணியால் மெல்லியதாகத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து மேலே நிற்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். அடர்த்தியாகப் பூசினால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து, அடியில் கூழாகவே இருக்கும். கைக்கு ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அடுத்த பூச்சு. மூன்று, நான்கு பூச்சுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கைப்பிடியின் பின்முனையில் இழைகளின் வாய் திறந்திருப்பதால் அங்கே எண்ணெய் அதிகம் இறங்கும். கூடுதலாக ஒரு பூச்சு கொடுங்கள்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். எண்ணெய் உயிர்வளியோடு சேரும்போது வெப்பம் வெளிவரும். கைப்பிடியின்மேல் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாலோ, நடுவில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் கூடினால் வினை வேகமாகும். வினை வேகமானால் வெப்பம் இன்னும் கூடும். சில மணி நேரத்தில் துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். தீக்குச்சி, மின்கசிவு எதுவும் தேவையில்லை.

இதைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பதுண்டு. 1991 பிப்ரவரி 23ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில், 38 மாடிகள் கொண்ட வன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்தது. 22ஆம் மாடியில் மரப்பலகைகளைத் துடைத்துவிட்டு விட்டுச்சென்ற, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளில் தொடங்கிய தீ அது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர்.

ஆகவே பயன்படுத்திய துணியை உடனே தண்ணீரில் முக்கி, தண்ணீரோடு சேர்த்தே மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். அல்லது வெளியே கற்பரப்பில் ஒற்றை மடிப்பாக விரித்து, விறைப்பாகும்வரை காயவிட்டுப் பிறகு எறியுங்கள். துணியை அப்புறப்படுத்தாமல் சாப்பிடக்கூடப் போகாதீர்கள்.

தீட்டுதல் பற்றிச் சுருக்கமாக

கறுப்பாக்கும்போது அமிலம் கூர்விளிம்பையும் சற்று அரித்திருக்கும். பெரியவர் துணையோடு சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 20 பாகைக் கோணம் போதும். கோணமானி தேவையில்லை. அலகின் அகலம் 20 மில்லிமீட்டர் என்றால், அதை 20 பாகையின் சைன் மதிப்பான 0.34ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். அலகின் முதுகைக் கல்லிலிருந்து அந்த உயரத்தில் வைத்து நகர்த்தினால் கோணம் சரியாக இருக்கும். தீட்டிய விளிம்பு மட்டும் வெள்ளிக் கோடாக மின்னும். மற்ற பகுதி கறுப்பாகவே இருக்கும். பார்க்க அழகாகவும் இருக்கும், விளிம்பு எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

கத்தி இல்லாமல் செய்து பார்க்க

மூன்று ஐஸ்கிரீம் குச்சிகளை எடுத்து மணல்தாளால் தேயுங்கள். முதல் குச்சியில் தேநீர் மட்டும், இரண்டாவதில் இரும்புக் கரைசல் மட்டும், மூன்றாவதில் தேநீர் பூசி உலர்ந்தபின் இரும்புக் கரைசல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். பிறகு இன்னொரு குச்சியை மூன்றாவதுபோலவே பூசி, உடனே ஒட்டுப்படலத்தால் காற்றுப் புகாமல் சுற்றிவிடுங்கள். அது எப்போது கறுக்கிறது, சுற்றியதைப் பிரித்தபின் என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வீக்கத்தை அளக்க விரும்புபவர்கள், ஆய்வகத்தில் உள்ள வெர்னியர் அளவியைக் கேட்டு வாங்குங்கள். அகலமான மரப்பலகைத் துண்டு ஒன்று போதும். ஒடுங்கிய குச்சியில் மாற்றம் அளவியின் 0.1 மில்லிமீட்டருக்குள் மறைந்துவிடும். இழைக்குக் குறுக்கே ஓரிடத்தில் பென்சிலால் அடையாளமிட்டு, அகலத்தையும் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைத்துவிட்டு அளங்கள். அடுத்த வாரம் குளியலறையில் வைத்து, ஒரு வாரம் கழித்து அளங்கள். அகலத்தில் மாற்றம் தெரியும். நீளத்தில் மாற்றம் தெரிந்தால், முதலில் அளவியின் சுழியப் பிழையைச் சரிபாருங்கள்.